எஸ்டீம் 1.3: பிஸ்டன் மேலே வந்து சேரவில்லை, உதவி வேண்டும்

அண்ணாச்சிமாரே, அப்பாவின் 2001 மாருதி எஸ்டீம் கார், 1.3 பெட்ரோல். பாளையங்கோட்டையில் ஓடுகிற வண்டி. தை மாசம் இஞ்சின் பிரித்து, 74 மி.மீ. போரை (சிலிண்டர் விட்டத்தை) 74.5 ஆக்கி, நாலு புது பிஸ்டன், பழைய இரும்புக் கடையில் எடுத்த கிராங்க், அதைப் பிஸ்டனோடு இணைக்கிற கான்ராடு போட்டோம். அன்றிலிருந்து பிக்கப் இல்லை. காரையார் ஏற்றத்தில் முதல் கியரிலேயே திணறுகிறது.

வால்வு லேப் செய்தாச்சு (கசியாமல் உட்காரத் தேய்த்தாச்சு), டைமிங் பெல்ட்டை இரண்டு தரம் பார்த்தாச்சு, ஹெட் கேஸ்கெட்டும் மாற்றியாச்சு. கம்ப்ரஷன் நாலிலும் ஒரே மாதிரிக் குறைவு, எண்ணெய் விட்டாலும் ஏறவில்லை. அதனால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படவில்லை.

கடைசியில் ஹெட்டைக் கழற்றி, பிளாக் மேல் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். பிஸ்டன் உச்சிக்கு வந்தும் 1.5 மி.மீ. கீழேயே நிற்கிறது, நாலும் அப்படியே. சிலிண்டருக்கு 6.5 சிசி வீண் இடம்! கிராங்க் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) டயல் கேஜில் சரியாக 75.5 மி.மீ. அப்படியென்றால் கான்ராடு குட்டையாக இருக்க வேண்டும், இல்லை பிஸ்டனில் கான்ராடை மாட்டுகிற பின்னுக்கான (pin) ஓட்டை மேலே ஏறியிருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சாமான் ஒன்றுகூட ஒர்க்‌ஷாப்பில் இல்லை.

இந்த இஞ்சினின் ஒரிஜினல் கான்ராடு இரு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் எத்தனை மி.மீ., பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை எத்தனை மி.மீ.? கையில் வைத்து அளந்தவர்கள் சொல்லுங்கள்.