பென்ஃபிகா 2012-13: கோச் கோட்டைவிட்டாரா, நேரம் சரியில்லையா?

பெஞ்ச்சாமி:
2013 மே தொடங்கும்போது போர்ச்சுகல் லீகில் லிஸ்பன் அணியான பென்ஃபிகா, போர்ட்டோவைவிட 4 புள்ளி முன்னிலை. மே 2 அன்று ஃபெனெர்பாசேவை 3-1 என்று கவிழ்த்து யூரோப்பா லீக் இறுதிக்கும் போயாச்சு. உள்நாட்டுக் கோப்பை இறுதி வேறு காத்திருந்தது. மே 26 இரவு கையில் ஒரு கோப்பைகூட இல்லை. இதை இன்னமும் துரதிர்ஷ்டம் என்று எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் கோச் ஜோர்ஜ் ஜெசுஸ் கோட்டைவிட்ட சீசன் இது.

செங்கழுகு:
அண்ணே, 30 லீக் ஆட்டத்தில் ஒரே ஒரு தோல்வி. சீசன் தொடங்கிய கையோடு விட்செலை ஜெனிட்டுக்கும், ஹாவி கார்சியாவை மான்செஸ்டர் சிட்டிக்கும் விற்றுவிட்டார்கள். நடுக்களமே காலி. அந்த இடத்தில் மாதிச்சை நிறுத்தி, விங்கரான என்ஸோ பெரெஸை உள்ளே இழுத்துப் புது நடுக்களம் கட்டியவர் இதே ஜெசுஸ்தான். 77 புள்ளி எடுத்தும் பட்டம் கிடைக்கவில்லை என்றால் கோச் என்ன செய்வார்?

டிராகன்வால்:
விட்செல் போன அதே நாளில் அதே ஜெனிட்டுக்குத்தான் எங்கள் ஹல்க்கும் போனார். போர்ட்டோ யாரிடமும் புலம்பவில்லை. ஒரு ஆட்டமும் தோற்காமல் 78 புள்ளி. அந்த ஒரு தோல்வியும் எங்களிடம் வாங்கியதுதானே 😄

செங்கழுகு:
நீங்கள் மார்ச்சிலேயே மலகாவிடம் தோற்று ஐரோப்பாவை விட்டு வெளியே வந்தவர்கள். அதற்கப்புறம் வாரநடுவில் காலை நீட்டி ஓய்வெடுத்தீர்கள். பென்ஃபிகாவுக்கோ மே 2 ஃபெனெர்பாசே, 6 எஷ்டோரில், 11 போர்ட்டோ, 15 செல்சீயுடன் யூரோப்பா இறுதி. கால்கள் எப்படித் தாங்கும்?

பெஞ்ச்சாமி:
களைப்பா? செல்சீ அந்த சீசனில் 69 ஆட்டம் ஆடியது தம்பி. மே 11 அன்று நீங்கள் போர்ட்டோவின் டிராகாவோ மைதானத்தில் ஆடியபோது அவர்களும் ஆஸ்டன் வில்லாவுடன் ஆடினார்கள், லாம்பார்ட் கிளப்பின் கோல் சாதனையை முறியடித்ததே அன்றுதான். ஆம்ஸ்டர்டாமில் நடந்த அந்த இறுதிக்கு இரண்டு அணிக்கும் ஒரே ஓய்வு.

டிராகாவோவைப் பாருங்கள். 1-1, டிரா ஆனாலே முதலிடம் தொடரும். ஜெசுஸ் என்ன செய்தார்? கடைசியில் தடுப்பாட்டக்காரர் ரோடெரிக்கை இறக்கிக் கூட்டமாகப் பின்னால் உட்கார்ந்தார். 92ஆவது நிமிடம், போர்ட்டோவின் லீட்சன் தட்டிவிட்ட பந்தைக் கெல்வின் இடப்பக்கமிருந்து அடித்தார், கோல். கோச் கோட்டோரத்தில் மண்டியிட்டார். ஆண்டு முழுக்க முன்னே ஏறி அழுத்திய அணிக்குப் பின்வாங்கி ஆடத் தெரியாது, அவ்வளவுதான்.

செங்கழுகு:
சரி, அந்த மாற்றம் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். செல்சீயுடன் எங்கே பின்வாங்கினார்? முதல் பாதி முழுக்கப் பந்து பென்ஃபிகாவிடம். டோரஸ் கோல் போட்ட எட்டே நிமிடத்தில் கார்டோசோ பெனால்டியில் சமன் செய்தார். 78ஆவது நிமிடத்தில் கராய் காயத்தோடு வெளியேற, ஜார்டெல் வந்தார். 93ஆவது நிமிடக் கார்னரில் இவானோவிச் தலையால் முட்டினார். தடுப்பின் தூணே இல்லாத நேரம் அது. அதுவும் கோச் குற்றமா?

கார்னர்_கொடி:
குட்மான் சாபத்தை யாரும் இன்னும் இழுக்கவில்லையே?

பெஞ்ச்சாமி:
இழுக்காதீர்கள். 1962இல் சம்பள உயர்வு கிடைக்காமல் போன பென்ஃபிகா கோச் குட்மான், நூறு வருடத்துக்குக் கிளப்புக்கு ஐரோப்பியக் கோப்பை கிடையாது என்று சொன்னதாகக் கதை. ஜமோர் மைதானத்தில் விட்டோரியா கிமராயிஷுடன் ஆடியது உள்நாட்டுக் கோப்பை, அதற்குமா சாபம்? கைட்டான் கோலால் பென்ஃபிகா 1-0 முன்னிலை. கிமராயிஷுக்கு 79இல் சூடானி, 81இல் ரிக்கார்டோ, முடிந்தது. ஆட்டம் முடிந்ததும் கார்டோசோ மைதானத்திலேயே கோச்சைத் தள்ளினாரே, அது எதன் அறிகுறி?

செங்கழுகு:
இரண்டு வாரத்தில் இரண்டு இடி விழுந்த மனநிலையின் அறிகுறி. கிளப் ஜெசுஸை அனுப்பவில்லை, ஒப்பந்தத்தை நீட்டியது. அடுத்த சீசனில் உள்நாட்டுக் கோப்பைகள் மூன்றும் வந்தன, மறுபடி யூரோப்பா இறுதியும்.

டிராகன்வால்:
அதையும் செவிய்யாவிடம் பெனால்டியில் விட்டீர்கள். சும்மா ஞாபகப்படுத்தினேன்.

கார்னர்_கொடி:
எல்லோரும் கெல்வினையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கணக்குப் போடுங்கள். மே 6 அன்று சொந்த மண்ணில் எஷ்டோரிலுடன் 1-1. அன்று ஜெயித்திருந்தால் டிராகாவோவில் தோற்றும் 1 புள்ளி முன்னிலை. கடைசிச் சுற்றில் இரண்டு அணிகளும் ஜெயித்தன. 79க்கு 78, பட்டம் லிஸ்பனுக்கு.

செங்கழுகு:
எஷ்டோரில் லேசுப்பட்ட அணி இல்லை. அந்த ஆண்டுதான் முதல் பிரிவுக்கு ஏறி வந்து ஐந்தாம் இடம் பிடித்தார்கள். அதுவும் ஃபெனெர்பாசே ஆட்டம் முடிந்த நான்காம் நாள்.

பெஞ்ச்சாமி:
நான்காம் நாள் என்று தெரிந்துதானே அணியைத் தேர்வு செய்தார்?