மேடையில் என் பேஸ் எனக்கே கேட்கவில்லை: எந்த மானிட்டர் வாங்குவது?

நாலுதந்தி:
வணக்கம் அண்ணன்மாரே. கோவில்பட்டி, சாத்தூர், சங்கரன்கோவில் பக்கம் கோயில் கொடைகளுக்குப் போகும் மெல்லிசைக் குழுவில் இரண்டு வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். 40 வாட் காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) ஒன்று வைத்திருக்கிறேன், 10 இஞ்ச் ஸ்பீக்கர், தரையில் என் காலுக்குப் பின்னால் இருக்கும். அதன் லைன் அவுட்டிலிருந்து மிக்சருக்கு ஒயர் போகிறது. இடது பக்கம் டிரம்ஸ், பின்னால் ரிதம் பேட், வலது பக்கம் கீபோர்டு. மேடையைப் பார்த்து வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் இரண்டுமே பாடகர்களுக்குத்தான், எனக்கென்று தனியாக எதுவும் இல்லை.

சத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. தும் தும் என்று அதிர்வு நன்றாக வருகிறது, ஆனால் எந்த சுரம் வாசிக்கிறேன் என்பது மட்டும் தெரிவதில்லை. போன வாரம் ஒரு சரணம் முழுவதும் ஒரு ஃபிரெட் தள்ளி வாசித்திருக்கிறேன், கீபோர்டு அண்ணன் திரும்பி முறைத்த பிறகுதான் தெரிந்தது. எண்பதுகளின் பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே ஓடும், முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த வரி மனப்பாடம், தப்பாகப் போனால் வயிறு கலங்குகிறது. கையில் 45,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். 15 இஞ்ச் பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். பெரிய காம்போ வாங்கு என்கிறான் நண்பன். இன் இயர் (காதுக்குள் செருகும் மானிட்டர்) போட்டால் எல்லாம் சரியாகும் என்றும் ஒருவர் சொன்னார். எதில் காசைப் போடலாம்?

மதுரை_பேஸ்:
தம்பி, காசை இப்போதைக்குப் பையிலேயே வை. உன் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: அதிர்வு வருகிறது, சுரம் தெரியவில்லை.

திறந்த E தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல், நீ நிற்கும் மேடையின் அகலம்கூட அவ்வளவு இருக்காது. அதனால் மேடைக்குக் கீழே இருக்கும் சப் ஊஃபரிலிருந்து அந்தக் கீழ் ஒலி எல்லாப் பக்கமும் பரவி உன் காலடிக்கும் வந்துவிடும், பலகை மேடை என்றால் பலகையும் சேர்ந்து முழங்கும். கீழ் ஒலி உனக்கு ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது. சுரத்தைக் காதுக்குக் காட்டுவது அதற்கு மேலே இருப்பதுதான்: 80, 160 என்று போகும் மடங்குகள், அப்புறம் 700 ஹெர்ட்ஸிலிருந்து ஒன்றரை கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள நடு ஒலி, விரல் தந்தியில் படும் அந்த 'டக்' உட்பட. இந்தப் பகுதி கீழ் ஒலி மாதிரி பரவாது, மேலே போகப் போக ஸ்பீக்கர் பார்க்கும் திசையில்தான் போகும். உன் காம்போ எதைப் பார்க்கிறது? உன் கெண்டைக்காலை. கெண்டைக்காலுக்குக் காது கிடையாது.

அடுத்த கொடையில் காம்போவைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, முன் விளிம்புக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து, உன் தலையைப் பார்க்கிற மாதிரி சாய்த்துவிடு, கீழே விழாமல் ஒரு கயிறு கட்டிக்கொள். பேஸ் திருகை 12 மணியில் இருந்தால் 10 மணிக்குக் குறை, மிடில் கூட்டு. வீட்டில் தனியாக வாசிக்கும்போது அசிங்கமாகத்தான் கேட்கும், டிரம்ஸ் சேர்ந்தால் அதுதான் வெட்டிக்கொண்டு வரும். கிட்டேயும் இழுத்துக்கொள். தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும். அதே 6 டெசிபலை வாட்டில் வாங்க வேண்டும் என்றால் உன் 40 வாட் 160 வாட் ஆக வேண்டும்.

மிக்சர்_பக்கம்:
நான் வாசிப்பவன் இல்லை, மைக் செட் போடுகிறவன், பதினைந்து வருடமாக மிக்சருக்குப் பின்னால்தான் நிற்கிறேன். மதுரைக்காரர் சொன்னது சரி, என் பக்கத்திலிருந்து சில விஷயம் சேர்க்கிறேன்.

பேஸ் வாசிப்பவர்கள் கச்சேரி நடுவில் "அண்ணே, மானிட்டரில் பேஸ் கொடுங்கள்" என்று கை காட்டுவார்கள். பாடகர் மானிட்டருக்குப் போகும் ஆக்ஸில் (மிக்சரிலிருந்து மானிட்டருக்குத் தனியாக அனுப்பும் வழி) 100, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டித்தான் வைத்திருப்பேன், இல்லாவிட்டால் அந்தக் கீழ் ஒலி எல்லாம் பாட்டு மைக்குக்குள் ஏறி வெளியே குழம்பிவிடும். அதனால் நான் ஏற்றினாலும் அடி இல்லாத பேஸ்தான் வரும், அவர் கேட்கவில்லை என்று மறுபடியும் கை காட்டுவார். உங்களுக்கென்று தனி மானிட்டர் வந்தால் அந்த வெட்டை 40க்கு இறக்கித் தரச் சொல்லுங்கள். ஆக்ஸ் ப்ரீ ஃபேடரில், அதாவது வெளியே போகும் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்பே எடுப்பதாக, இருக்கிறதா என்றும் கேளுங்கள். போஸ்ட்டில் இருந்தால் நான் வெளியே உங்களைக் குறைக்கும்போதெல்லாம் உங்கள் காதிலும் குறையும்.

இதைவிட முக்கியமானது லைன் அவுட். சில காம்போக்களில் அது மாஸ்டர் வால்யூமுக்குப் பிறகு எடுக்கப்படுகிறது. அப்படி இருந்தால் மேடையில் நீங்கள் ஏற்றியதும் வெளியே எனக்கும் ஏறும், நான் இறக்குவேன், நீங்கள் மறுபடி ஏற்றுவீர்கள், இரவு முழுவதும் இதே வேலைதான். ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வாங்கி கிட்டாரை முதலில் அதில் செருகுங்கள், அதன் எக்ஸ்எல்ஆர் ஒயர் எனக்கு வரட்டும், த்ரூ என்று எழுதிய துளையிலிருந்து உங்கள் ஆம்ப்புக்குப் போகட்டும். அதற்கப்புறம் நீங்கள் மேடையில் என்ன திருகினாலும் என் ஃபேடரைத் தொடாது. பேட்டரி இல்லாத கிட்டார் என்றால் ஆக்டிவ் டிஐ நல்லது. ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் உர் என்று இரைச்சல் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். பிளக்கில் எர்த் பின்னை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள், உயிர் போகிற விஷயம்.

நாஞ்சில்_பேஸ்:
நான் நாகர்கோவில் பக்கம் சர்ச்சில் வாசிக்கிறேன், மூன்று வருடமாக இன் இயர்தான். ஒயர்லெஸ் தேவையே இல்லை தம்பி, கிட்டார் ஒயரோடு ஒரே இடத்தில் நிற்கிறவர்கள்தானே நாம். பெல்ட்டில் மாட்டும் பெஹ்ரிங்கர் பி2 மாதிரி சின்ன ஆம்ப், ஷூர் எஸ்இ215 மாதிரி ஒரு இயர்போன், மிக்சரிலிருந்து ஒரு ஆக்ஸ் ஒயர், இவ்வளவுதான். உங்கள் பட்ஜெட்டில் பாதிகூட ஆகாது.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ரப்பர் முனை காதை முழுதாக அடைக்க வேண்டும், கொஞ்சம் இடைவெளி இருந்தால் பேஸ் மொத்தமும் ஓடிவிடும், ஃபோம் முனை நன்றாக அடைக்கும். அப்புறம், ஒரு காதைக் கழற்றிவிட்டு வாசிக்காதீர்கள். இரண்டு காதும் சேர்ந்து கேட்கும்போது குறைந்த சத்தமே போதும், ஒன்றைக் கழற்றினால் மற்றதில் ஏற்றத் தோன்றும், டிரம்ஸ் பக்கம் இருக்கும் காது வேறு திறந்தே கிடக்கும்.

மிக்சர்_பக்கம்:
சர்ச்சில் மிக்சர் உங்களுடையது, வாராவாரம் அதே ஆள், அதே செட்டிங். கொடையில் ஊருக்கு ஒரு மைக் செட். ஆக்ஸ் மிச்சம் இருக்குமா என்பதே சந்தேகம், ஒலி சரிபார்க்கப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. யாரோ அவசரத்தில் தப்பான ஃபேடரை ஏற்றினால் அது நேராக உங்கள் காதுக்குள் வரும். லிமிட்டர் (சத்தம் எல்லை தாண்டாமல் தடுப்பது) இல்லாமல் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நாலுதந்தி:
நேற்று கழுகுமலை பக்கம் கச்சேரி. நாற்காலி, கட்டை, கயிறு எல்லாம் செய்தேன். முதல் பாட்டிலேயே வித்தியாசம் தெரிந்தது அண்ணே, மேல் ஃபிரெட்களில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. பேஸ் திருகைக் குறைத்ததற்கு மனம் ஒப்பவில்லைதான், ஆனால் குறைத்த பிறகுதான் பலகை முழக்கம் நின்றது. லைன் அவுட்டையும் பார்த்தேன், மாஸ்டருக்குப் பிறகுதான் எடுக்கிறது. டிஐ வாங்கப் போகிறேன். ஆனால் டிரம்ஸ் அண்ணன் வேகம் எடுக்கும் பாடல்களில் 40 வாட் திணறுகிறது, ஸ்பீக்கர் கரகரக்கிறது. அப்போது மானிட்டரா, காம்போவா?

மதுரை_பேஸ்:
காலை எழுந்ததும் இதைப் படித்தேன், சந்தோஷம் தம்பி.

பேஸ் மட்டும் கேட்டால் போதும் என்றால் 100 வாட்டுக்கு மேல் 12 இஞ்ச் காம்போ, சாய்த்து வைக்கும்படி பெட்டி வெட்டியிருந்தால் இன்னும் நல்லது. பாட்டும் கீபோர்டும் சேர்ந்து கேட்க வேண்டும் என்றால் 12 இஞ்ச் பவர்டு மானிட்டர். யமஹா டிஎக்ஸ்ஆர்12, க்யூஎஸ்சி கே12.2 எல்லாம் பேஸைத் தாங்கும், புதிதாக உன் பட்ஜெட்டுக்குள் வராவிட்டால் பழையதைத் தேடு. 15 இஞ்ச் வேண்டாம் என்பது என் கருத்து. உனக்குக் கீழ் ஒலி குறையவில்லை, இரண்டு வழிப் பெட்டியில் (கீழ், நடு ஒலிக்கு ஒரு ஸ்பீக்கர், மேல் ஒலிக்கு ஒன்று) 12 இஞ்ச்தான் நடு ஒலியைத் தெளிவாகத் தருகிறது, தூக்கி வேனில் ஏற்றவும் சுலபம். கிட்டாரை நேராக பவர்டு ஸ்பீக்கரில் செருகினால் மங்கலாகக் கேட்கும், முன்னால் சான்சாம்ப் மாதிரி ஒரு ப்ரீஆம்ப் டிஐ (ஒலியைத் திருத்தும் திருகுகளும் சேர்ந்த டிஐ) வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வை. பெட்டியில் எழுதியிருக்கும் 2000 வாட்டை நம்பாதே, அது ஒரு நொடிகூட நிற்காத உச்சம்.

கடைக்குப் போகும்போது உன் கிட்டாரைக் கொண்டு போ. பெட்டியைத் தரையில் சாய்த்து வைக்கச் சொல்லி, நின்றுகொண்டே E தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஏறு. ஏதாவது ஒரு சுரம் மட்டும் வீங்கினால் இரண்டடி தள்ளி நின்று அதையே வாசித்துப் பார், அங்கே வீக்கம் போய்விட்டால் அது அறையின் வேலை, பெட்டியின் குறை இல்லை.