இரண்டு மணி நேரத்தில் முடிகிற கதை கேமுக்கு முழு விலை கொடுக்கலாமா?

கடைசிபெஞ்ச்:

வணக்கம் மக்களே. ஃபயர்வாட்ச் ரொம்ப நாளாக என் விஷ்லிஸ்டில் கிடக்கிறது. 20 டாலர் விலையில் வந்த கேம், நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள். பக்கத்திலேயே வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச், அதுவும் அதே விலையில் வந்தது, இன்னும் சின்னது. சண்டை கிடையாது, லெவல் கிடையாது, நடக்கிறோம், பார்க்கிறோம், கதை கேட்கிறோம், அவ்வளவுதான். ரூம்மேட் கேட்டால் "அந்தக் காசுக்கு விட்சர் 3 ஆஃபரில் வாங்கு, நூறு மணி நேரம் ஓடும்" என்கிறான். விட்சர் 3 ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிறேன், அதன் முதல் பகுதியான ஒயிட் ஆர்ச்சர்டைக்கூடத் தாண்டவில்லை, அது வேறு கதை.

விளையாடியவர்கள் கதையை உடைக்காமல் சொல்லுங்கள். வாங்கலாமா, யூடியூபில் பார்த்தாலே போதுமா?

பிக்சல்பாண்டி:

யூடியூபே போதும் ப்ரோ. இந்த வகையை ஆரம்பித்து வைத்த டியர் எஸ்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் ஹாஃப் லைஃப் 2 கேமை மாற்றியமைத்த இலவச மாடாக வந்தது, 2012இல் அழகுபடுத்தி 10 டாலருக்கு விற்றார்கள். ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவு, அதில் நடக்கிறீர்கள். ஓடக்கூட முடியாது. ஒருவர் கடிதம் வாசித்துக்கொண்டே வருவார், கடைசியில் ஒரு சிவப்பு விளக்குக் கோபுரம். நான் கையில் மவுஸ் வைத்திருந்ததற்கும் வைக்காமல் பார்த்திருந்ததற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். "சினிமா டிக்கெட்டும் ரெண்டு மணி நேரம்தானே" என்று ஒருத்தர் வருவார் பாருங்கள், அவருக்கு இப்போதே பதில்: நம்ம ஊர் டிக்கெட் இருநூறு ரூபாய் சுற்றி, 20 டாலர் ஆயிரத்தைத் தாண்டும்.

சேவ்பாயின்ட்:

டியர் எஸ்தர் விஷயத்தில் பாண்டியோடு சண்டை இல்லை, எனக்கும் அது அழகான ஸ்க்ரீன்சேவர்தான். ஆனால் அதை வைத்து மொத்த வகையையும் தள்ளுவது சரியில்லை.

மணிக்கணக்கை விட்டுவிட்டு, இந்தக் கேம் என் கைக்கு என்ன வேலை கொடுக்கிறது என்று பாருங்கள். எடித் ஃபின்ச்சில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் லூயிஸ் என்று ஒருத்தன் வருவான். மவுஸால் மீனை இழுத்து, வெட்டும் கத்திக்குக் கீழே கொண்டுபோய்த் தலையைத் துண்டித்துத் தள்ள வேண்டும், ஒன்று முடிந்தால் அடுத்தது, நிற்கவே நிற்காது. அதே நேரத்தில் இடது கைக்கு இன்னொரு வேலை, அவன் மனதில் ஓடும் கற்பனை ராஜ்யத்தில் ஆளை நடத்த வேண்டும். கற்பனை பெரிதாகிக்கொண்டே போய்த் திரையையே மூடிவிடும், வலது கை மட்டும் யோசிக்காமல் மீன் வெட்டிக்கொண்டிருக்கும். அந்த மனுஷன் மனதில் என்ன நடக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, நம் கையே அதைச் செய்துகொண்டிருக்கிறது. யூடியூபில் இது ஒரு நல்ல அனிமேஷன், அவ்வளவே. 2018இல் பிரிட்டனின் பாஃப்டா சிறந்த கேம் விருதை இந்தச் சின்ன கேமுக்குக் கொடுத்தது சும்மா இல்லை.

ஃபயர்வாட்ச்சும் அப்படித்தான், ஆனால் கைக்கு வேலை கொஞ்சம் குறைவு. 1989, அமெரிக்காவின் வயோமிங் காட்டில் தீக் கண்காணிப்புக் கோபுரத்து வேலை. ஹென்றி என்கிற நீங்கள், வாக்கி டாக்கியில் டிலைலா என்கிற மேலதிகாரி. அவள் கேள்வி கேட்டால் பதிலைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்ச நேரம்தான், விட்டுவிட்டால் மௌனத்தையே உங்கள் பதிலாக எடுத்துக்கொள்வாள். காம்பஸையும் காகித வரைபடத்தையும் கையில் பிடித்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். காட்டில் அங்கங்கே பூட்டிய பெட்டிகள் இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர், 1234. அரசாங்க வேலை எந்த நாட்டிலும் அரசாங்க வேலைதான்! குறையும் சொல்லிவிடுகிறேன், நடுவில் ஏற்றிவிடும் மர்மத்துக்குத் தகுந்த முடிவு இல்லை என்று பாதிப் பேர் திட்டுவார்கள், அவர்கள் சொல்வது பொய்யில்லை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2013இல் கான் ஹோம் 20 டாலருக்கு வந்தபோது இதே பஞ்சாயத்து பெரிதாக நடந்தது. ஒரு வீடு, அதற்குள் ஒரு ஆள்கூடக் கிடையாது, சாவி இருக்கும் இடம் தெரிந்தால் ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடலாம், இதற்கு 20 டாலரா என்று. ஆளைக் காட்டாததே செலவுக் கணக்கில்தான், கேரக்டரை உருவாக்கி நடக்க, பேச வைப்பது சின்ன டீமைத் தின்றுவிடும். ஆனால் அந்த வீட்டு அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு துண்டுச் சீட்டையும் கேசட்டையும் ஒருத்தர் உட்கார்ந்து செய்தாக வேண்டும். பெரிய கேமில் "பத்து ஓநாயைக் கொன்று வா" என்று ஒரே வேலையை ஊருக்கு ஊர் ஒட்டலாம், மணி நேரம் தானாக ஏறும். இங்கே அது முடியாது.

என் முடிவு: எடித் ஃபின்ச் முழு விலைக்கே வாங்குங்கள். ஃபயர்வாட்ச் ஆஃபருக்குக் காத்திருக்கலாம்.

ராத்திரிகேமர்:

கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்ப வருமே. எடித் ஃபின்ச்சை வேகமாக முடித்துவிட்டு ரீஃபண்ட் போட்டால் இந்த விவாதமே தேவையில்லையே :)

சேவ்பாயின்ட்:

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு டெவலப்பர் இருக்கிறார் நண்பா. 2021இல் சம்மர் ஆஃப் 58 என்று ஒரு திகில் கேம் வந்தது, இரண்டு மணி நேரத்துக்குள் முடிவது. நிறையப் பேர் முடித்துவிட்டு, நல்ல ரிவ்யூவும் எழுதிவிட்டு, காசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். காலவரையின்றி கேம் செய்வதையே நிறுத்துகிறேன் என்று அதைச் செய்தவர் அறிவித்தார். பிடிக்காவிட்டால் அரை மணி நேரத்தில் ரீஃபண்ட் போடுங்கள், அதற்குத்தான் அந்த வசதி. முடித்துவிட்டுப் போடுவது சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு பில் கொடுக்காமல் போவதுதான்.

டொரோண்டோதமிழ்:

வெண்பா என்கிற கேமை யாரும் சொல்லவில்லையே! நடந்து சுற்றிப் பார்க்கும் வகை இல்லை, சமையல் புதிர், ஆனால் கேள்வி இதேதான். 2023இல் டொரோண்டோ டீம் ஒன்று செய்தது, 15 டாலர், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எண்பதுகளின் கடைசியில் கனடா வந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு நோட்டு. முதல் வேலையே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேல் தட்டுவரை ஏறும் என்று கண்டுபிடிக்க வேண்டும், எழுத்து அழிந்துபோயிருக்கும். நமக்கு அது புதிரே இல்லை, உட்கார்ந்து சிரித்தேன். ரேடியோவில் வரும் பாட்டுகள் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமா இசைச் சாயலில் புதிதாகப் போட்டவை.

ஆனால் முழு விலைக்குப் போதுமா என்றால் எனக்கே சந்தேகம். சமையல் சூடுபிடிக்கும்போதே கதை வருடக்கணக்கில் தாவிவிடுகிறது, பையன் கவின் வளர்ந்த பகுதியெல்லாம் இன்னும் வேண்டும்போல இருந்தது. 2024இல் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது, அதில் மகிழ்ச்சிதான், அதற்காகக் குறையைச் சொல்லாமல் விட முடியாது. வாங்குங்கள், ஆஃபரில்.

கடைசிபெஞ்ச்:

நன்றி எல்லோருக்கும். சரி, எடித் ஃபின்ச் முதலில். இன்னொரு கேள்வி, என் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, தாங்குமா?

சேவ்பாயின்ட்:

செட்டிங்ஸை எல்லாம் குறைத்தால் ஓடலாம், திணறினால் அது உண்மையாகவே ரீஃபண்ட் போட வேண்டிய காரணம். அப்படியானால் அ ஷார்ட் ஹைக் எடுங்கள், 2019, 8 டாலர், பழைய கைக்கன்சோல் மாதிரி பெரிய பெரிய பிக்சல், எதிலும் ஓடும். கிளேர் என்கிற பறவைக்கு ஒரு முக்கியமான போன் கால் வர வேண்டும், மலை உச்சியில்தான் சிக்னல், அவ்வளவுதான் கதை. தங்க இறகு சேரச் சேர உயரமாக ஏறலாம், ஆனால் நேராக ஏறுவதற்குள் மீன் பிடிக்க, புதையல் தோண்ட, யாரோ தொலைத்த தலைப்பட்டையைத் தேட என்று நீங்களே வழிமாறிப் போவீர்கள்.

பிக்சல்பாண்டி:

அ ஷார்ட் ஹைக்குக்கு நானும் கை தூக்குகிறேன், அதில் ஓடலாம், பறக்கவும் செய்யலாம். டியர் எஸ்தர் பத்து டாலரை யாராவது எனக்குத் திருப்பித் தந்தால் மற்றதையும் யோசிக்கிறேன்.