மூன்றில் இரண்டாவதை நீக்கினால் மட்டும் எர்ரர் வராது

#1
60 வரி ஜாவா க்ளாஸ். உள்ளே ஒரு அரேலிஸ்ட் (வரிசையாக ஐட்டம் வைக்கும் லிஸ்ட்), ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார்-ஈச் லூப், அதற்குள்ளேயே ரிமூவ். எரர் ப்ரோன் (கோடில் பிழை தேடும் டூல்) கம்பைல் பண்ணும்போதே வார்னிங் கொடுத்தது. ஆனால் டெஸ்ட் பாஸ்! அதுதான் உறுத்தல். டெஸ்டில் இருந்தது 3 ஐட்டம், நீக்கியது 2-வது. அடுத்த ஐட்டம் உண்டா என்று லூப்புக்குச் சொல்லும் ஹேஸ்நெக்ஸ்ட் பார்ப்பது, கர்சரும் (இதுவரை எங்கே வந்திருக்கிறோம்) சைஸும் சமமா என்று மட்டும்தான்; சமமென்றால் லூப் முடிவு. 2-வது போனதும் சைஸ் 2, கர்சரும் 2. லூப் சத்தமில்லாமல் முடிந்தது, 3-வது ஐட்டத்தைத் தொடவே இல்லை. முதலாவதையோ கடைசியையோ நீக்கிப் பாருங்கள், கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸப்ஷன் (லூப் ஓடும்போதே லிஸ்ட் மாறிவிட்டது என்ற எரர்) உடனே விழும்.

#2
லூப்பை விடுங்க, அந்த லிஸ்ட்டை அப்படியே ரிட்டர்ன் பண்ற கெட்டர் (உள்ளே இருப்பதை வெளியே கொடுக்கும் மெத்தட்)? ஸ்பாட்பக்ஸ் (பிழை தேடும் இன்னொரு டூல்) "ஈஐ எக்ஸ்போஸ் ரெப்", அதாவது உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது என்று கத்துவது அதற்குத்தான். வாங்கினவன் க்ளியர் (எல்லாவற்றையும் அழிப்பது) அடித்தால் உங்கள் க்ளாஸ் காலி.

#3
ரிமூவில் இன்னொரு பொறி: ஷார்ட் (சின்ன முழு எண்) வகை செட். லூப்பில் 0 முதல் 99 வரை ஆட், கூடவே ரிமூவ்(ஐ - 1). கடைசியில் மிஞ்ச வேண்டியது 1, மிஞ்சியது 100. ஷார்ட்டில் 1 கழித்தால் இன்ட் (வேறு முழு எண் வகை). அது இன்டிஜர் ஆப்ஜெக்ட்டாக மாறுகிறது (பாக்ஸ் ஆகிறது), செட்டில் உள்ள எந்த ஷார்ட்டோடும் பொருந்தாது. ரிமூவ் எந்த ஆப்ஜெக்ட்டையும் வாங்கிக்கொள்ளும், கம்பைலர் வாயே திறக்காது. ஸ்பாட்பக்ஸும் எரர் ப்ரோனும் பிடிக்கும்.

#4
#2 சொன்னது சரி, ஆனால் பலர் அதற்கு அன்மாடிஃபையபிள்லிஸ்ட் (வாங்கினவனை மாற்ற விடாத உறை) போட்டுவிட்டு நிம்மதியாகிறார்கள். அது காப்பி இல்லை, ஜன்னல். உள்ளே மாறினால் வெளியேயும் மாறும். உறைந்த காப்பி வேண்டுமென்றால் லிஸ்ட்.காப்பிஆஃப், ஜாவா 10-லிருந்து உண்டு; உள்ளே ஒரு நல் (null, வெற்று மதிப்பு) இருந்தாலும் நல் பாயின்டர் எக்ஸப்ஷன்தான். கன்ஸ்ட்ரக்டரில் வாங்கும் லிஸ்ட்டையும் காப்பி எடுங்கள், இல்லையென்றால் ஸ்பாட்பக்ஸின் அடுத்த வார்னிங் "ஈஐ2" (வெளியிலிருந்து வாங்கியதை அப்படியே உள்ளே வைப்பதற்கு).

#1-க்கு: இட்டரேட்டர்.ரிமூவ் (லூப்பை ஓட்டும் இட்டரேட்டரின் சொந்த ரிமூவ்) போட்டாலும் சரியாக ஓடும். ஆனால் அரேலிஸ்ட்டில் ஒவ்வொரு நீக்கத்துக்கும் பின்னால் இருப்பவை எல்லாம் ஒரு இடம் நகரும். நிறைய நீக்கினால் ஜாவா 8-ன் ரிமூவ்இஃப்தான் (நிபந்தனைக்குப் பொருந்துவதை எல்லாம் நீக்கும்), ஒரே ஓட்டத்தில் முடிக்கும். ஒன்றே ஒன்றை நீக்கிவிட்டு உடனே பிரேக் அடிப்பதாக இருந்தால் பழைய ஃபார்-ஈச்சே போதும். எரர் ப்ரோனும் அதைக் கண்டுகொள்ளாது.

இன்டிஜர் லிஸ்ட் என்றால் இன்னொரு குழி: ரிமூவ்(5) போட்டால் போவது 5 என்ற மதிப்பு இல்லை, இன்டெக்ஸ் (0-விலிருந்து எண்ணும் இட எண்) 5-ல் இருப்பது. மதிப்பை நீக்க இன்டிஜர்.வேல்யூஆஃப்(5) என்று கொடுங்கள்.

#1
நான் சொன்னது ரிமூவ்இஃப் பற்றி இல்லையே சார், 3 ஐட்டத்தில் எரர் ஒளிந்துகொள்வது பற்றி. டெஸ்ட்டில் 4 ஐட்டம் வைத்து, 2-வதை நீக்கியதும் அந்த எக்ஸப்ஷன் விழுந்தது.