எங்கள் பெரிய வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஓர் இங்கிலீஷ் பஞ்சாயத்து

(எங்கள் பக்கம் ஆச்சி என்றால் அக்கா, அப்பச்சி என்றால் அப்பா.)

வியாழக்கிழமை

கானாடுகாத்தான் அண்ணன் (காலை 6:50): ஆச்சி, எழுந்துவிட்டீர்களா? ஓர் அவசரம். தை மாதம் நம் வீட்டில் தங்க வருகிற இங்கிலாந்துக்காரர்களுக்கு நேற்று ராத்திரி விவரம் எல்லாம் எழுதி அனுப்பினேன். இப்போது பார்த்தால், "நாங்கள் ஏதும் தப்பு செய்துவிட்டோமா?" என்று பதில் வந்திருக்கிறது.

சிங்கப்பூர் தம்பி: அப்படி என்ன எழுதினீர்கள் அண்ணே?

கானாடுகாத்தான் அண்ணன்: அப்படியே போடுகிறேன். யூ மஸ்ட் நாட் பே அட்வான்ஸ். யூ ஹேட் பெட்டர் கம் பிஃபோர் சிக்ஸ். யூ மைட் நாட் கோ டு தி டெரஸ். யூ மஸ்ட் ட்ரை அவர் பணியாரம்.

பாப்பா: அப்பச்சி!! 😂

டீச்சர் ஆச்சி (7:05): காப்பி குடித்துவிட்டு வருகிறேன். அதுவரை அவர்களுக்கு யாரும் எதுவும் அனுப்ப வேண்டாம்.

டீச்சர் ஆச்சி (7:20): தம்பி, இந்த நாலில் பணியாரம் ஒன்றுதான் சரி.

கானாடுகாத்தான் அண்ணன்: அட்வான்ஸ் தர வேண்டாம் என்று நல்லதுதானே சொன்னேன்?

டீச்சர் ஆச்சி: தமிழில் சொன்னால் நல்லதுதான். நமக்கு "வேண்டாம்" என்ற ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். "நீ வர வேண்டாம், நானே கொண்டுவந்து தருகிறேன்" என்றால் அன்பு. "இனிமேல் இந்த வாசலுக்கு வர வேண்டாம்" என்றால் சண்டை. குரலை வைத்தே பிரித்துக்கொள்கிறோம். இங்கிலீஷில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். மஸ்ட் நாட் என்றால் "கூடாது", தடை. தேவையில்லை என்று சொல்ல டோன்ட் ஹேவ் டு, இல்லை நீட் நாட். அட்வான்ஸ் கொடுத்தால் குற்றம் என்று நீ எழுதியிருக்கிறாய்.

சிங்கப்பூர் தம்பி: வேண்டாத விருந்தாளி ஆக்கிவிட்டீர்கள் அண்ணே 😂

கானாடுகாத்தான் அண்ணன்: சரி, இரண்டாவதில் என்ன? பெட்டர் என்றால் நல்லது. 6 மணிக்குள் வந்தால் நல்லது. பல்லவன் ரயிலில் வந்தால் காரைக்குடியில் இறங்கவே ராத்திரி ஆகிவிடும். வெளிச்சத்தில் வந்தால்தானே முகப்பும் உள்ளே வளவு முற்றமும் கண்ணுக்குத் தெரியும்?

டீச்சர் ஆச்சி: பள்ளிக்கூடத்தில் வருஷாவருஷம் பிள்ளைகள் விழுந்த குழி இது. பெட்டர் என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். ஹேட் பெட்டரில் (had better) வாய்விட்டுச் சொல்லாத ஓர் "இல்லாவிட்டால்" ஒட்டிக்கொண்டே இருக்கும். மழை இருட்டுகிறது, குடை எடுத்துக்கொண்டு போ என்று வீட்டுப் பிள்ளையிடம் சொல்லலாம். முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் "மரியாதையாக 6 மணிக்குள் வந்து சேர்" என்றுதான் காதில் விழும். இன்னொன்று, ஹேட் இருப்பதால் நடந்து முடிந்த காரியம் என்று நினைக்காதே. இனிமேல் செய்ய வேண்டியதைத்தான் சொல்கிறது. பின்னால் "டு"வும் வராது.

சிங்கப்பூர் தம்பி: ஆச்சி, போன வாரம் என் மேனேஜருக்கு "யூ ஹேட் பெட்டர் செக் திஸ்" என்று எழுதினேன்.

டீச்சர் ஆச்சி: இன்னும் வேலையில் இருக்கிறாயா?

சிங்கப்பூர் தம்பி: இருக்கிறேன். ஆனால் அவர் அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. இப்போதுதான் காரணம் தெரிகிறது.

பாப்பா: அயித்தை, அப்போது எல்லாவற்றுக்கும் ஷுட் போட்டுவிட்டால் என்ன? எங்கள் காலேஜில் அறிவுரை என்றாலே ஷுட் என்றுதான் எழுதச் சொல்கிறார்கள்.

டீச்சர் ஆச்சி: பரீட்சைக்குப் போதும். ஷுட் நடுவாந்தரமான சொல். "இப்படிச் செய்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது" என்ற அளவு. முன்னால் ஒரு ஐ திங்க் போட்டால் இன்னும் இறங்கும். ஆனால் வரிக்கு வரி ஷுட் போட்டால் வாத்தியார் பிரம்போடு நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கே அந்தப் பழக்கம் உண்டு, உன் மாமாவைக் கேட்டுப் பார்.

பாப்பா: ஆட் டு (ought to)?

டீச்சர் ஆச்சி: ஏறக்குறைய ஷுட்தான், கொஞ்சம் கடமை வாசனை கூட. இந்த ஆட் இருக்கிறதே, அது "ஓ" (owe) என்ற வினையின் பழைய இறந்தகாலம். ஓ என்றால் கடன்பட்டிருப்பது. தமிழிலும் கடன் என்றால் கடமையும்தானே? பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை.

கானாடுகாத்தான் அண்ணன்: ஆச்சி, வரலாறு அப்புறம். அவர்களுக்கு நான் என்ன எழுத?

டீச்சர் ஆச்சி: நேரில் சொல்வதாக இருந்தால் தமிழில் எப்படிச் சொல்வாய்?

கானாடுகாத்தான் அண்ணன்: "வெளிச்சத்திலேயே வந்துவிடுங்களேன், வீட்டைப் பார்க்கலாமே" என்பேன்.

டீச்சர் ஆச்சி: அந்த "ஏன்", "லாமே" இரண்டுக்கும் அங்கே குட் (could), மைட் வான்ட் டு. யூ மைட் வான்ட் டு கம் பிஃபோர் சன்செட். முடிவு அவர்கள் கையில். இல்லாவிட்டால் இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் என்று ஆரம்பி. உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்று நாமும்தான் சொல்கிறோம்.

பாப்பா: மொட்டை மாடிக்கும் மைட்தானே போட்டிருக்கிறார் அப்பச்சி?

டீச்சர் ஆச்சி: அதுதான் நாலிலும் மோசம்! மைட் நாட் கோ என்றால் "ஒருவேளை போகாமல் இருப்பீர்கள்" என்று ஜோசியம் ஆகிவிடும். பின்பக்கக் கைப்பிடிச் சுவர் ஆடுகிறது என்று நீயே புலம்பினாய் தம்பி. ஆள் விழுகிற இடத்தில் நாசூக்கு பார்க்காதே. உன் மஸ்ட் நாட்டை அட்வான்ஸிலிருந்து எடுத்து அங்கே வை.

நான்: தரைக்கும் ஏதாவது எழுத வேண்டும். ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும்.

டீச்சர் ஆச்சி: அதற்கு ஷுட் போதும். வென் தி ஃப்ளோர் இஸ் வெட், யூ ஷுட் வாக் ஸ்லோலி.

சிங்கப்பூர் தம்பி: பணியாரத்துக்கு மட்டும் மஸ்ட் எப்படிச் சரி? அதுவும் அதட்டல்தானே?

டீச்சர் ஆச்சி: கேட்கிறவருக்கு லாபம் என்றால் மஸ்ட் உபசாரம். "எங்கள் வீட்டுப் பணியாரத்தைச் சாப்பிட்டே ஆக வேண்டும்" என்று ஆத்தா வழிமறித்தால் யாராவது கோபித்துக்கொள்கிறார்களா?

ஆத்தா (குரல் பதிவைப் பாப்பா அடித்தது): வெள்ளைப் பணியாரமா, கந்தரப்பமா? பச்சரிசி ஊறப்போட வேண்டுமே, முதலில் அதைச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் அண்ணன்: தை மாதம் ஆத்தா, இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை

கானாடுகாத்தான் அண்ணன் (மாலை 5:10): வந்துவிட்டார்கள். வெளிச்சத்திலேயே. ஆனால் இங்கே வேறு பிரச்சினை. ஆத்தா தானே பின்னிய ஓலைக் கொட்டானில் மாவுருண்டை வைத்து அந்த அம்மாவிடம் கொடுத்தார்கள். அவர் "ஓ, யூ ஷுடன்ட் ஹேவ்" என்றார். ஷுடன்ட் ஹேவ் என்றால் செய்திருக்கக் கூடாது என்று பாப்பா மொழிபெயர்த்துவிட்டாள். ஆத்தா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

பாப்பா: புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது 🙈

டீச்சர் ஆச்சி: புத்தகம் சரிதான். யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ என்றால் "என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா?" என்ற குறை. ஆனால் பரிசை வாங்கும்போது அது குறை இல்லை. போனை ஆத்தாவிடம் கொடு.

டீச்சர் ஆச்சி: ஆத்தா, போன வாரம் சம்பந்தி வீட்டார் பழக்கூடை கொண்டுவந்தபோது என்ன சொன்னீர்கள்?

ஆத்தா (குரல் பதிவைப் பாப்பா அடித்தது): "எதுக்கு இதெல்லாம்" என்றேன்.

டீச்சர் ஆச்சி: கூடையைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

ஆத்தா (குரல் பதிவைப் பாப்பா அடித்தது): அதை ஏன் கொடுக்கிறேன்?

கானாடுகாத்தான் அண்ணன் (5:40): அடுப்படியிலிருந்து வந்துவிட்டார்கள். கையில் இன்னொரு கொட்டான்.