ஆட்டு மூளை முதுகோடு ஒரு ஆழ்கடல் நண்டு: நீங்களும் கண்டீர்களா?

கல்லடிப் பாலத்தடி

போன பங்குனியில் ஒரு நாள் விடியக்காலை மாமாவின் கூட்டாளி போன் எடுத்தார். "மனே, நீ நண்டுப் பைத்தியம் எண்டு மாமா சொன்னவர். ஒண்டு கிடக்கு, வந்து பாரு. மறுகா வந்தா நாய் தின்னும்."

வாடிக்குப் போனேன். ரெஜிபோம் பெட்டிக்குள், இரண்டு கலவாய்க்கு நடுவில் அது கிடந்தது. உடம்பு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கால்களோ பெட்டியின் மூலை வரைக்கும் போயிருந்தன. வெளிறிய செம்மஞ்சள் நிறம். மட்டக்களப்புக் கடலில், களுவாஞ்சிகுடிக்கு நேரே வெளியே இருநூறு பாகத்தில் இறக்கிய அடித்தூண்டிலில், இரையைக் கட்டிப்பிடித்தபடியே மேலே வந்ததாம். இருநூறு பாகம் என்றால் கிட்டத்தட்ட 365 மீற்றர். நம் பக்கம் கண்டமேடை ஒடுங்கியது. கொஞ்சத் தூரம் ஓடினாலே கடல் சரேலென்று ஆழ்ந்துவிடும் என்பது படகில் போனவர்களுக்குத் தெரியும்.

வாடியில் நின்ற பெடியன் ஒருவன் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: ஜப்பான் சிலந்தி நண்டின் குஞ்சு, வெளிநாட்டில் லட்சக்கணக்கில் போகும். அவனைக் குறை சொல்ல முடியாது, சிலந்தி நண்டு என்று தேடினால் முதலில் வருவது அதுதான். நகத்திலிருந்து நகம் வரை 3.7 மீற்றர் அகலமும் 19 கிலோ எடையும் வரை வளரக்கூடிய அந்த நண்டு ஜப்பானை ஒட்டிய பசிபிக் கடலின் சொத்து. களுவாஞ்சிகுடிக்கு அது வந்து சேர வழியில்லை.

நோர்வேயில் இருக்கிற மச்சானுக்குப் படம் அனுப்பினேன். "இது கிங் கிராப், நாங்கள் இங்க கிறிஸ்மசுக்குச் சாப்பிடுறது" என்று பதில் வந்தது. அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. கிங் கிராப்பை மேலிருந்து பார்த்தால் கவ்வுகாலை விட்டு மூன்று சோடிக் கால்கள்தான் தெரியும். கடைசிச் சோடி சுண்டுவிரல் போலச் சிறுத்து ஓட்டுக்குள் மறைந்திருக்கும். உண்மையில் அது சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டின் உறவுக்காரன். என் நண்டிலும் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று. எண்ணி எண்ணிப் பார்த்து, சரி, கிங் கிராப்தான் என்று கொப்பியில் எழுதியும் விட்டேன்.

மறுகாதான் பெட்டியில் இருந்த ஐஸ் தண்ணீரை ஊற்றினேன். அடியில் இரண்டு கால்கள் கிடந்தன! திருப்பி வயிற்றுப் பக்கம் பார்த்தால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொருத்துக்குழி வெறுமையாக இருந்தது. நண்டு ஆபத்தில் காலை அடிமூட்டோடு கழற்றிவிடும் என்பதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆள் நான். ஆக, கவ்வுகால் ஒரு சோடி, நடைகால் நான்கு சோடி. கிங் கிராப் என்று எழுதியதை வெட்டினேன்.

அப்புறம் முதுகைக் கழுவினேன். அங்கேதான் வாயடைத்து நின்றேன். இரண்டு பக்கமும் உப்பிப் பொங்கி, நடுவில் ஒரு பள்ளம். ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடையில் தட்டில் வைத்திருப்பார்களே ஆட்டு மூளை, அப்படியே அது. முன்பக்கம் ஒடுங்கிப் பேரிக்காய் போல இருந்தது. நெற்றியில் கொம்பு முறிந்துபோயிருந்தது. யாரும் திட்டாமல் விட்டால் ஒன்று சொல்கிறேன்: நான் அதைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருந்த போமலினில் போட்டுவிட்டேன்.

இப்படி ஒன்றை வேறு யாராவது கண்டிருக்கிறீர்களா? எத்தனை பாகம், எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள்.

வாழைச்சேனை ஓட்டி

நெடுநாள் படகில் இருபது வருசம். நீங்கள் சொல்கிற மூளை நண்டு ஞாபகம் இல்லை. ஆனால் கால் நீண்ட நண்டு ஒன்று எங்களுக்கும் வந்தது. பெரிய கலவாய்க்குப் போட்ட தூண்டில், நூற்றைம்பது பாகம் இருக்கும். ஏறி வந்தபோது முதுகில் ஒரு கடற்பஞ்சுத் துண்டை வைத்திருந்தது. ஒட்டிக்கொண்டிருந்தது என்றுதான் நினைத்தேன். பிடுங்கப் போனால் விடவில்லை. பின்னங்கால் இரண்டையும் முதுகுக்கு மேலே மடித்து, நகத்தால் அந்தப் பஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தது. பிள்ளையை முதுகில் சுமக்கிற மாதிரி. நான் பார்த்ததும் சிலந்தி நண்டுதானே?

கூடவந்த தம்பி அதைச் சொதிக்குள் போட்டான். ஒள்ளுப்பம் சதைகூட இல்லை. ஓட்டைச் சப்பியதுதான் மிச்சம்.

மருதமுனை மருமகன்

நம்மட பக்கம் ஆழமெல்லாம் போகத் தேவையில்லை காக்கா. கரைவலை இழுக்கும்போதே உருண்டை உடம்பும் நீட்டுக் காலுமாக ஒன்று வரும். உடம்பு முழுக்கப் பழுப்பு மயிர், வெல்வெட் துணி சுற்றினது போல. கையில் எடுத்தால் சேறுதான் ஒட்டும். வாப்பா காலத்திலிருந்தே வலையிலிருந்து பிய்த்துக் கரையில் எறிவதுதான் வழக்கம். வலைக்கண்ணில் காலைச் சிக்கவைத்து அரைமணி நேரத்தைத் தின்னும். பேர் கேட்டால் சிலர் பேய் நண்டு என்பார்கள், சிலர் எட்டுக்கால் பூச்சி நண்டு என்பார்கள். மணலில் ஓடுகிற பேய் நண்டு வேறு, இது வேறு.

அதைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு ஒரு கேள்வி. காலை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் சிலந்தி நண்டு என்று ஒரே கூடைக்குள் போடுகிறோமோ?

வந்தாறுமூலை விலங்கியல்

அண்ணன், மருதமுனைக்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி. அதிலிருந்தே வருகிறேன்.

சிலந்தி நண்டு என்று விலங்கியலில் சொல்வது மஜோயிடியா என்ற பெருங்குடும்பத்தை. உலகத்து நண்டுகளையெல்லாம் ஒரே பட்டியலில் அடுக்கி 2008இல் பீட்டர் இங், டானியேல் கினோ, பீட்டர் டேவி மூவரும் வெளியிட்டார்கள். அதில் 6,793 இனங்கள். அந்தக் கூட்டத்துக்குள் நீண்ட கால் பல குடும்பங்களில் தனித்தனியாக வந்த சங்கதி. அதனால் கால் நீளம் கடைசியாகப் பார்க்க வேண்டியது.

மருதமுனையில் வலைக்குள் வருவது உண்மையான சிலந்தி நண்டு. சொல்கிற அடையாளம் டோக்லியா என்ற சாதிக்கு அப்படியே பொருந்துகிறது. சேற்று அடித்தளத்தில் வாழ்கிற கரையோரக்காரன். (ஏ.எல். புத்தகத்தில் இனத்துக்கு மேலே வருகிற சாதியைத்தான் சொல்கிறேன். யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

வாழைச்சேனை அண்ணனுடையது சிலந்தி நண்டு இல்லை. பின்னங்கால் முதுகுப் பக்கம் ஏறி, நுனி கவ்வி போல மடங்கி, பஞ்சைத் தூக்கிப் பிடித்திருந்தது என்று நீங்கள் எழுதிய ஒரே வரி போதும். அது ஹோமோலிடே என்ற வேறு குடும்பம், சுமைகாவி நண்டுகள். சிலந்தி நண்டிலும் பாசி, பஞ்சு எல்லாம் இருக்கும், ஆனால் அது காலால் பிடிப்பதில்லை. ஓட்டில் கொக்கி போல வளைந்த மயிர்கள் இருக்கும். பஞ்சைக் கிள்ளி அதில் மாட்டிவிடும். பாடசாலைச் சப்பாத்தில் கிர்ரென்று ஒட்டுகிற பட்டி இருக்கிறதே, அதே வேலை.

இனி அந்த மூளை. கல்லடி அண்ணன், நீங்கள் ஆட்டு மூளை என்று எழுதியதைப் படித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் 1891இல் வூட்-மேசன், அல்கொக் என்ற இரண்டு பேருக்கும் அதே எண்ணம்தான் வந்திருக்கிறது. இப்படி முதுகுள்ள ஒரு சிலந்தி நண்டுக்கு அவர்கள் வைத்த பேர் என்செபலோயிடிஸ் ஆம்ஸ்ட்ரோங்கி. முதற்சொல்லுக்குக் கிரேக்கத்தில் மூளை போன்றது என்று பொருள். அல்கொக் இன்வெஸ்டிகேட்டர் என்ற அளவைக் கப்பலில் வைத்தியராகவும் இயற்கையாளராகவும் இருந்தவர். வங்காள விரிகுடாவின் ஆழ்கடல் நண்டுகளில் பாதிப் பேருக்கு அவர் கையெழுத்து உண்டு என்றே சொல்லத் தோன்றும். அந்தக் கப்பல் கொண்டுவந்த மூல மாதிரிகளில் பெரும்பகுதி கல்கத்தாவில் இருக்கிறது.

அந்த உப்பல் மூளையும் இல்லை, கொழுப்பும் இல்லை. பூ அறை, அதாவது செவுள் இருக்கிற, மூச்செடுக்கும் இடம். நம் விரிகுடாவில் சில நூறு மீற்றர் ஆழத்தில் ஒட்சிசன் மிகக் குறைந்த நீர்ப்படை ஒன்று கிடக்கிறது. அரபிக்கடலில் அது இன்னும் மோசம். ஓமான் சரிவில் ஆயிரம் மீற்றரை ஒட்டிய ஆழத்தில் இந்த நண்டு பெருங்கூட்டமாக இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கொல்லம் பக்கத்து ஆழ்கடல் இறால் மடிகளிலும் வருகிறது. காற்றுக் குறைந்த இடத்தில் வாழ்கிறவனுக்குப் பெரிய பூ அறை இருந்தால் வசதிதானே.

ஆனால் நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து இனப்பெயரை நான் எழுத மாட்டேன். கொம்பு முறிந்துவிட்டது என்கிறீர்கள். சிலந்தி நண்டுக்கு நெற்றிக் கொம்பு முக்கியமான அடையாளம். அடுத்தது வயிற்று மடல். அது ஒடுங்கிய முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்ற வட்டமாக இருந்தால் பெண். சந்தையில் நம் அம்மாமார் பார்க்கிற அதே இடம். ஆணாக இருந்தால் மடலைத் தூக்கினால் உள்ளே முதற்சோடி வயிற்றுக்கால் குச்சி போல இருக்கும். அதன் நுனி வடிவம்தான் பெரும்பாலும் இனத்தைப் பிரிக்கிறது. அதைக் கைவில்லையால் பார்த்துப் படம் எடுங்கள்.

போமலின்... என்ன சொல்ல! வடிவம் நிற்கும், டி.என்.ஏ. சிதைந்துவிடும். கிடைத்தவுடன் ஒரு காலை வெட்டி 95 வீத எதனோலில் போட்டிருந்தால் போதும். இல்லாவிட்டால் முழுசாக ஃபிரீசரில். கழன்ற அந்த இரண்டு கால்களையும் என்ன செய்தீர்கள்?

வாழைச்சேனை ஓட்டி

எதனோலுக்குப் பதில் சாராயம் ஊற்றலாமா தம்பி? படகில் அதுதான் இருக்கும்.

வந்தாறுமூலை விலங்கியல்

போதாது அண்ணன். மதுசாரம் பாதிகூட இல்லை, நண்டு அழுகும். ஐஸ் போதும். சாராயத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அறுகம்பே இரவு முக்குளிப்பு

ஆழ்கடல் இல்லை, நாலைந்து மீற்றர்தான், ஆனாலும் எழுதுகிறேன். ராத்திரி டோர்ச்சோடு பாறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குப்பைப் பாசி நடந்தது. கிட்டப் போனால் நின்றது. டோர்ச்சைத் திருப்பினால் மறுபடி நடந்தது. கால் நுனி வரைக்கும் பஞ்சும் பாசியும் மாட்டியிருந்தது, கண் இருக்கும் இடம்கூடத் தெரியவில்லை. இந்து சமுத்திரப் பவளப்பாறைகளில் காணப்படும் கம்போசியா ரெட்டூசா என்று ஒரு முக்குளிப்புப் பயிற்றுநர் சொன்னார். கொக்கி மயிர் விசயம் இப்போதுதான் விளங்குகிறது.

ஒரு சந்தேகம். ஓடு கழற்றினால் அந்த அலங்காரமெல்லாம் போய்விடுமா?

வந்தாறுமூலை விலங்கியல்

போகும். புது ஓட்டில் மீண்டும் முதலிலிருந்து மாட்ட வேண்டும். பழைய ஓட்டிலிருந்து பிடுங்கி மாட்டுவதும் உண்டு. ஆனால் சிலந்தி நண்டுகள் பருவமடைகிற ஓடு கழற்றலோடு ஓடு கழற்றுவதையே நிறுத்திவிடும், அதற்குப் பிறகு வளர்ச்சியும் இல்லை. அதனால்தான் கிழட்டு நண்டுகளின் முதுகில் கொட்டலசும் பாசியும் கட்டியாக ஏறிக் கிடக்கும். முதுகுச் சுத்தத்தைப் பார்த்தே கடைசியாகக் கழற்றி எவ்வளவு காலம் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

கல்லடிப் பாலத்தடி

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பரீட்சை விடைத்தாள் குவிந்துவிட்டது.

மடல் ஒடுக்கம், ஆண்தான். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, கைவில்லையைப் போன் கமராவின் மேல் பிடித்து, வயிற்றுக்கால் நுனியைப் பன்னிரண்டு படம் எடுத்தோம். இரண்டு படம் தேறியது. வந்தாறுமூலைத் தம்பியின் பல்கலைக்கழக ஆசிரியரிடம் போயிருக்கிறது. சாதி பற்றிச் சந்தேகம் இல்லை என்று பதில் வந்தது. இனத்துக்கு இன்னொரு மாதிரி, முழுக் கொம்போடு, வேண்டுமாம். போத்தல் துண்டில் என்செபலோயிடிஸ் என்று எழுதி, பக்கத்தில் ஆம்ஸ்ட்ரோங்கிக்கு ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். தரம் 10 பிள்ளைகள் அதன் கீழே தமிழில் மூளை நண்டு என்று தாங்களே ஒட்டிவிட்டார்கள்.

கழன்ற கால் இரண்டையும் பற்றிக் கேட்டீர்கள். வாடியில் ஐஸ் தண்ணீரோடு மண்ணில் விட்டுவிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் மாமாவின் கூட்டாளி நேற்று இரவு மறுபடி போன் எடுத்தார். இந்த முறை குருக்கள்மடத்துக்கு நேரே, இருநூற்றிருபது பாகம். பெட்டியின் மூடியில் மார்க்கரால் பாகமும் திகதியும் எழுதி, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில் வைத்திருக்கிறாராம். "கொம்பு ரெண்டும் கிடக்கு மனே. ஆனா கெதியா வா, உன்ர மாமி ஐஸ்கிறீம் வைக்க இடமில்ல எண்டு நிக்கிறா."