மணிக்கணக்கில் படிக்கிறாள், மார்க் ஏறவில்லை: நேரத்தைக் கூட்டுவதா, முறையை மாற்றுவதா?

வாலாஜா அண்ணன்:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை பிளஸ் டூ, பயோ மேத்ஸ் குரூப், தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. பத்தாவதில் 500-க்கு 450-க்கு மேல் எடுத்தவள். இப்போது அரையாண்டில் இயற்பியல் 70-க்கு 38, கணக்கு 90-க்கு 51. அவள் படிக்காமல் சுற்றியிருந்தால் இந்த மார்க்கை நாங்கள் ஏற்றுக்கொண்டிருப்போம். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா எழுப்பிவிடுகிறார், ஏழு வரை படிப்பு, அப்புறம் பள்ளி, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், வீட்டுக்கு வந்து சாப்பிட்டு மறுபடி உட்கார்ந்தால் இரவு பன்னிரண்டு ஆகிறது. கல்யாணம், திருவிழா எதற்கும் வருவதில்லை. புத்தகம் முழுக்க மஞ்சளும் பச்சையுமாகக் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

நேற்று பக்கத்தில் உட்கார்ந்து இயற்பியலில் காஸ் விதி கேட்டேன். எந்தப் பக்கத்தில், எந்தப் படத்துக்குக் கீழே இருக்கிறது என்று சரியாகச் சொல்கிறாள். சரி, எழுது என்றேன், இரண்டு வரிக்கு மேல் பேனா ஓடவில்லை. கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவளுக்கு.

சித்தப்பா, இன்னும் கொஞ்சம் நேரம் கூட்டி உட்காரவை, பப்ளிக்குக்குள் சரியாகிவிடும் என்கிறார். அப்பா வேலூரில் டியூஷன் சேர்க்கலாம் என்கிறார், போக வர மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனக்கு என்னவோ நேரம் குறைவது பிரச்சினையாகத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பதில் என்ன செய்வது என்று வீட்டில் எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. நான் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, டிப்ளமோ படித்தவன், பிளஸ் டூ பாடம் எனக்குப் பழக்கமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி இயற்பியல்:

தம்பி, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுப்பவன். உங்கள் தங்கை மாதிரிப் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் இருக்கிறார்கள், பெரும்பாலும் நன்றாக உழைக்கிற பெண்பிள்ளைகள்தான், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அரையாண்டு விடைத்தாளை எடுங்கள். போன ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் அது ஏன் போனது என்று அவளையே பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பகுதியைப் படிக்கவே இல்லையா? படித்தும் எழுதும்போது வரவில்லையா? தெரிந்தும் நேரம் போதவில்லையா? படிக்கவே இல்லை என்பது அதிகமாக இருந்தால் சித்தப்பா சொல்வது சரி, நேரம் கூட்டத்தான் வேண்டும். மற்ற இரண்டுக்கும் இன்னும் இரண்டு மணி நேரம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் எந்தப் பலனும் வராது.

பக்கம் எது, படம் எங்கே என்று தெரிகிறது, எழுத வரவில்லை என்றீர்களே, அது இரண்டாவது வகை. திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் பழகிவிடும், பழகிய வரியைப் பார்த்ததும் இது தெரியும் என்று மனம் சொல்லிவிடும். தேர்வு அறையில் புத்தகம் இல்லை, அங்கே வெறும் தாளில் இருந்து தொடங்க வேண்டும். அந்தத் தொடக்கத்தை அவள் வீட்டில் ஒருமுறைகூடப் பழகவில்லை.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பாடப்பகுதியைத் திரும்பவும் படித்தார்கள், இன்னொரு பிரிவினர் அதை மூடிவைத்து நினைவில் இருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது மூடிவைத்து எழுதியவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். அதே ஆய்வில் மீண்டும் மீண்டும் படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகம் நம்பினார்கள். உங்கள் தங்கைக்கும் இதுதான் நடக்கிறது. இரவு படித்து முடித்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அடுத்த வாரம் ஒன்றும் இருக்காது. 2013-ல் டன்லாஸ்கியும் உடன் நான்கு பேரும் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு எழுதினார்கள், அதில் கோடு போடுவதும் மறுபடி வாசிப்பதும் பயன் குறைந்தவை என்ற பட்டியலில்தான் வந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், ஒரே நாளில் குவிக்காமல் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன.

செய்ய வேண்டியது இதுதான். வீட்ஸ்டோன் சமனச்சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை புரிந்து படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டுப் படம், தருவிப்பு, சமன்பாடு என்று ஞாபகம் உள்ளவரை எழுதட்டும். நின்றுபோனால் உடனே புத்தகத்தைத் திறக்கக் கூடாது, ஒரு நிமிடமாவது முட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் திறந்து, விட்டதை மட்டும் சிவப்பு மையில் சேர்க்கட்டும். மறுநாள் ஒருமுறை, நாலைந்து நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை இதையே செய்தால் போதும். சிவப்பு மை குறைந்துகொண்டே வருவது அவள் கண்ணுக்கே தெரியும். பிள்ளைக்குத் தைரியம் அதில்தான் வரும், நான்கு மணிக்கு எழுந்தேன் என்பதில் வராது.

ஆரணி ராஜபாட்டை:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு சார். புக் பேக் கேள்விகளை எடுத்து ஒவ்வொன்றையும் பத்துத் தடவை எழுதச் சொல்லுங்கள், கை தானாக எழுதும். எங்கள் காலத்தில் அப்படித்தான் பாஸ் ஆனோம்.

காட்பாடி இயற்பியல்:

பார்த்துப் பத்துத் தடவை எழுதுவதற்கும் பார்க்காமல் இரண்டு தடவை எழுதுவதற்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது ஐயா. பார்த்து எழுதும்போது கை மட்டும்தான் வேலை செய்யும். இன்னொன்று, புக் பேக் மட்டும் போதாது. இயற்பியல் தாளில் 15 ஒரு மார்க், இரண்டு மார்க்கில் 9-க்கு 6, மூன்று மார்க்கில் 9-க்கு 6, ஐந்து மார்க்கில் அது அல்லது இது என்று ஐந்து. இதில் 24-வது, 33-வது கேள்விகள் கட்டாயம், சாய்ஸ் கிடையாது, பெரும்பாலும் கணக்காகவே இருக்கும். பாடத்துக்குள் இருக்கிற எடுத்துக்காட்டுக் கணக்குகளைத் தானாகப் போட்டுப் பழகாத பிள்ளை அந்த ஐந்து மார்க்கை அப்படியே விட்டுவிட்டு வரும்.

குடியாத்தம் அம்மா:

சார் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் நேரம் முக்கியமில்லை என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. எங்கள் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில், தறி வீடுகளில், பெண்பிள்ளை பள்ளியில் இருந்து வந்ததும் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இலை வெட்டிக் கொடுக்க வேண்டும். படிக்க ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. அந்தப் பிள்ளைக்கு எந்த முறையைச் சொல்லிக் கொடுத்தாலும் பதினொரு பாடம் உள்ள இயற்பியல் புத்தகத்தை ஒருமுறை புரட்டக்கூட முடியாது. அங்கே முதலில் வீட்டு வேலையை அம்மாவும் அப்பாவும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், அண்ணன் தம்பிகளும் ஒரு குடம் தூக்கலாம். முறையெல்லாம் அப்புறம்தான்.

இந்தத் தம்பியின் வீட்டில் நேரம் இருக்கிறது, அதனால் சார் சொன்னதைச் செய்யலாம். என் மகள் போன வருடம் எழுதினாள், இப்போது நர்சிங் படிக்கிறாள். நான் எட்டாவது வரைதான். ராத்திரி நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வேன், அவள் பார்க்காமல் ஒப்பிப்பாள், எனக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் எந்த வரி விட்டுப்போனது என்று விரல் வைத்துப் பார்க்கத் தெரியும். விட்ட இடத்தில் நிறுத்துவேன். உயிரியல் முழுக்க அப்படித்தான் முடித்தாள். டியூஷனுக்கு வேலூர் வரை பஸ்ஸில் அலையவிடாதீர்கள் தம்பி, ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் நீங்களே புத்தகத்தைப் பிடித்து உட்காருங்கள், பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

காட்பாடி இயற்பியல்:

அம்மா சொன்னது முழுக்கச் சரி. நேரமே இல்லாத பிள்ளைக்கு நேரம்தான் முதல் மருந்து. என் வகுப்பிலும் அப்படிப் பிள்ளைகள் உண்டு, அவர்களிடம் நான் முதலில் கேட்பது வீட்டு நிலவரம்தான்.

ஓட்டேரி கணக்கு:

அண்ணா, நான் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன், கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் தங்கை பயிற்சி 1.1 முழுக்க, அப்புறம் 1.2 முழுக்க என்று வரிசையாகப் போடுகிறாளா என்று கேளுங்கள். அப்படிப் போட்டால் மூன்றாவது கணக்கிலிருந்து யோசிக்கவே வேண்டியதில்லை, மேலே செய்ததையே எண்ணை மாற்றிச் செய்துகொண்டு போகலாம், நோட்டு நிறையும். தேர்வில் 44-வது கேள்வி எந்தப் பாடம், எந்தப் பயிற்சி என்று தலைப்புப் போட்டு வராது. கலப்பு எண்ணா, வெக்டரா, வகையிடலின் பயன்பாடா என்று பார்த்ததும் அடையாளம் காண்பதே பாதி வேலை.

அதனால் ஒருமுறை வரிசையாகப் போட்டு முடித்த பாடங்களில் இருந்து கணக்குகளைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, தினமும் ஆறு ஏழு சீட்டு எடுத்துப் போடச் சொல்லுங்கள். முதல் வாரம் நிறையத் தப்பு வரும், அழுகை வரும், அப்போது நீங்கள் விட்டுவிடக் கூடாது. ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கனஅளவுக் கணக்குகளைக் கலந்து போட்டவர்கள் பயிற்சியின்போது பின்தங்கித்தான் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்கள் 63 சதவீதம், வகை வகையாகப் பிரித்துப் போட்டவர்கள் 20 சதவீதம்.

அப்புறம் ஒரு மார்க் 20 கேள்வி இருக்கிறது, அதை விடையைப் பார்த்து ‘ஆ’, ‘ஈ’ என்று மனப்பாடம் செய்ய விடாதீர்கள். விடைகளின் வரிசை மாறினால் எல்லாம் போய்விடும்.

வாலாஜா அண்ணன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி விடைத்தாளை எடுத்து சார் சொன்ன மாதிரி பென்சிலால் எழுதவைத்தேன். இயற்பியலில் போன 32 மார்க்கில், படிக்கவே இல்லை என்று அவள் எழுதியது 4 மார்க்குக்குத்தான். 18 மார்க் படித்தும் வராதது. மீதி 10 மார்க் கடைசி இரண்டு ஐந்து மார்க் கேள்விகள், நேரம் இல்லாமல் தொடவே இல்லை. சித்தப்பாவுக்கும் காட்டினேன், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. டியூஷன் பேச்சை அப்பா நிறுத்திவிட்டார்.

இரண்டு சந்தேகம். நேரம் போதாததற்கு என்ன செய்வது? நான்கு மணிக்கு எழுப்புவதை நிறுத்தலாமா? அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார், விடியற்காலை படித்தால்தான் மனதில் நிற்கும் என்கிறார். சிவராத்திரி முடிந்ததும் மயானக் கொள்ளைத் திருவிழா வேறு வரும், மைக் செட் சத்தத்தில் எப்படியும் இரண்டு நாள் தூக்கம் போகும்.

காட்பாடி இயற்பியல்:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. அந்த 18 மார்க்தான் உங்கள் இலக்கு, அதில் பாதியை மீட்டாலே அவள் முகம் மாறிவிடும்.

நேரத்தைப் பற்றி: விடைத்தாள் திருத்தும் முகாமில் நான் வருத்தப்பட்டுப் பார்ப்பது இதைத்தான். முதல் ஐந்து மார்க்குக்கு மூன்று பக்கம் அழகாக ஸ்கேல் வைத்து எழுதியிருப்பார்கள், கடைசி இரண்டுக்கு எண் மட்டும் போட்டு வெற்றிடம். தேர்வு காலை 10 மணிக்கு, முதல் கால் மணி நேரம் வினாத்தாள் படிக்கவும் விவரம் சரிபார்க்கவும் போய்விடும், எழுதுவது 10.15-லிருந்து 1.15 வரை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே நேரத்தில் ஒரு பழைய வினாத்தாளை முழுசாக எழுதவையுங்கள். செல்போன் வேறு அறையில், நடுவில் டீ கிடையாது, 1.15 ஆனதும் பேப்பரை வாங்கிவிடுங்கள். ஒரு ஐந்து மார்க்குக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தூக்கத்தைப் பற்றி அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பன்னிரண்டுக்குப் படுத்து நான்குக்கு எழுந்தால் நான்கு மணி நேரம். 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்தது மூளையில் உறுதிப்படுவது தூக்கத்தில்தான், அதை வெட்டிவிட்டுப் படித்தால் படித்ததும் சேர்ந்து போகும். பிளஸ் டூவில் எட்டு மணி நேரம் தினமும் நடக்காது என்று எனக்கும் தெரியும், ஆனால் ஏழு மணி நேரமாவது வேண்டும். பத்து மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழட்டும், அம்மா விரும்பும் விடியற்காலைப் படிப்பும் இருக்கும். அந்த நேரத்தில் புதிய பாடம் வேண்டாம், முந்தின நாள் படித்ததைப் பார்க்காமல் எழுதுவதை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். மயானக் கொள்ளை நாட்களில் கட்டாயப்படுத்தாதீர்கள், அந்த இரண்டு நாளும் செய்முறை ரெக்கார்டு வேலை, ஒரு மார்க் கேள்விகள் என்று லேசானவற்றைப் பார்த்தால் போதும்.

முதல் ரிவிஷன் டெஸ்ட் மார்க் வந்ததும் அந்த விடைத்தாளையும் இதே மாதிரி பென்சிலால் பிரித்துவிட்டு இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.